திங்கள் விடுமுறை: அப்பாவோடு காட்சி பங்களா

முதல் நாள், ஞாயிறு

அப்பாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்து ஆறு வாரம் ஆகிவிட்டது. டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்ன அன்று சாயங்காலமே அப்பா சொன்னார்: "மக்கா, காட்சி பங்களாவை ஒரு தடவ பாத்துட்டு வந்திருவோமா?"

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் திருவனந்தபுரம் மியூசியத்தை அப்படித்தான் சொல்வார்கள். கட்டடம் மட்டுமல்ல, அதைச் சுற்றிய பூங்கா, பின்னாலிருக்கும் மிருகசாலை எல்லாம் சேர்த்தே காட்சி பங்களா. மலையாளத்தில் காழ்ச்சபங்களாவு. இன்றைக்கு ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு நொடி யோசிப்பார். மியூசியம் என்றால் போதும்.

அப்பாவுக்கு வயது 80. தக்கலைக்காரர். முதன்முதலில் இந்தப் பூங்காவைப் பார்த்தது 1955-இல், பத்து வயதில், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனபோது. அப்போது அவருக்கு அது சொந்த ராஜ்யத்துத் தலைநகரம். அடுத்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. 1963-இல் சாலைக் கம்போளம் என்கிற திருவனந்தபுரத்துக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்குக் கணக்கெழுதப் போனபோது அதே ஊர் வேறு மாநிலமாகியிருந்தது. எட்டு வருஷம் அங்கே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அந்த எட்டு வருஷ ஞாயிறுகளில் பாதியாவது இந்தப் பூங்காவில்தான் கழிந்திருக்கும் என்பது அவர் கணக்கு. அம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஊருக்கு வந்தபிறகு ஆஸ்பத்திரிக்கும் ரயிலுக்கும் எத்தனையோ தடவை திருவனந்தபுரம் போயிருக்கிறார், பூங்காவுக்குள் நுழைந்ததில்லையாம். "எங்க நேரம்?" என்கிறார்.

பஸ்ஸில்தான் போனோம். காரில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "கார்ல போனா ஒண்ணும் காணாது." மார்த்தாண்டம் இரும்புப் பாலத்தில் ஏறி இறங்கி, களியக்காவிளையில் வண்டி மாறினோம். எல்லை என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. பெயர்ப்பலகையின் எழுத்து வட்டமாகிறது. பஸ்ஸின் நிறம் மாறுகிறது. சாயா இரண்டு பக்கமும் சாயாதான்.

பாலராமபுரத்தில் வண்டி ஊர்ந்தது. அப்பா ஜன்னல் வழியாகக் கைத்தறிக் கடைகளை எண்ணிக்கொண்டு வந்தார். பாலராமவர்ம ராஜா காலத்தில் அரண்மனைக்கு நெய்வதற்காக நாகர்கோவில், திருநெல்வேலி பக்கத்திலிருந்து கூட்டிவந்து குடியமர்த்திய சாலியர்கள்தான் இந்த ஊருக்கே முதல். கசவு முண்டு என்றதும் கேரளம் என்று நினைக்கிறோம். தறியில் உட்கார்ந்தவர்களின் பாட்டன் பூட்டன் பேசியது தமிழ்.

தம்பானூரில் அறை போட்டோம். கண்ணுக்குச் சொட்டு மருந்து இன்னும் பாக்கி: காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நாலு, ராத்திரி எட்டு. அம்மா தாளில் எழுதி என் சட்டைப்பையில் வைத்துவிட்டிருந்தாள். நாலு மணிச் சொட்டை விட்டுவிட்டுச் சாலைக்கு நடந்தோம்.

ஞாயிறு ஆனதால் பாதிக் கடைகள் அடைப்பு. இந்தக் கம்போளத்தை உண்டாக்கியவர் ராஜா கேசவதாஸ் திவான். அவரும் இன்றைய குமரி மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா வேலை பார்த்த கடை இப்போது பிளாஸ்டிக் வாளி விற்கிறது. ஷட்டர் மூடியிருந்தது. எதிரே ஒரு பூக்கடை மட்டும் திறந்திருந்தது, தோவாளைப் பூ. அப்பா ஷட்டர் முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு, "இதுல மல்லி மூட்டை அடுக்கியிருப்போம், வாசம் வந்தா தும்மல் நிக்காது" என்று சொல்லிவிட்டு நடந்தார். ராத்திரி தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸில் சாப்பாடு. லாரி பேக்கர் கட்டிய செங்கல் கோபுரம் அது, தரையே மெதுவாகச் சுருண்டு சுருண்டு மேலே போகும். அப்பா முதல் சுற்றிலேயே மேசை பிடித்துவிட்டார். சரிவில் தோசை உருண்டுவிடாதா என்று கேட்டார். மேசை நேராகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள், திங்கள்

காலை சொட்டு, புட்டு, கடலைக்கறி. ஒன்பது மணிக்கெல்லாம் டவுன் பஸ் ஏறிவிட்டோம். கண்டக்டர் "ஸ்டாச்சு, ஸ்டாச்சு" என்று கூவினார். தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்பது மாதவ ராவ் சிலை. கும்பகோணத்தில் பிறந்து, 1858 முதல் 1872 வரை திருவிதாங்கூருக்குத் திவானாக இருந்தவர். அந்த வெள்ளைத் தூண் கட்டடமும் அவர் காலத்தில் எழுந்ததுதான், 1869-இல் முடிந்தது. இன்றைக்கு அவர் பெயர் பஸ் ஸ்டாப்பில்கூட இல்லை, வெறும் 'ஸ்டாச்சு'. ஆளைவிடச் சிலைக்குப் பேர் அதிகம் என்றார் அப்பா.

பாளையத்தில் பள்ளிவாசல், கிறிஸ்தவ தேவாலயம், பிள்ளையார் கோவில் மூன்றும் ஒரே பார்வைக்குள் அடங்கும். அதைத் தாண்டி ஐந்து நிமிஷத்தில் மியூசியம்.

வாசலில் காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார். "திங்களாழ்ச்ச அவதியாணு."

மியூசியம் விடுமுறை, ஓவியக்கூடம் விடுமுறை, மிருகசாலையும் விடுமுறை. தப்பு முழுக்க என்னுடையது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. 1956-க்குப் பிறகும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிற அந்த அரண்மனைக்கும் திங்களன்றுதான் விடுமுறை. வெளியூர் விருந்தாளிகளைத் திங்களன்று கூட்டிப்போய் ஏமாந்து திரும்பிய அனுபவம் எனக்கே இரண்டு தடவை உண்டு. இருந்தும் உறைக்கவில்லை.

அப்பா கொஞ்சமும் சட்டை செய்யவில்லை. "பார்க்குக்குப் பூட்டு உண்டா?" என்று காவலாளியைக் கேட்டார். இல்லை. பூங்காவுக்குப் பூட்டும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. "பின்ன என்ன?" உள்ளே போய்விட்டார்.

இப்படி ஒரு நாள் முழுக்கப் பூங்காவுக்கென்றே கிடைத்தது. டிக்கெட் வாங்கிப் பார்க்கும் எல்லாம் திறந்திருந்தால் நாங்களும் மற்றவர்களைப் போலப் பூங்காவை நடைபாதையாக்கிக் கடந்து போயிருப்போம்.

முதலில் அந்தக் கட்டடம். மூடியிருந்தாலும் வெளியே நின்று பார்க்கத் தடையில்லை. சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரைகள், இரண்டு பக்கமும் கோபுரங்கள், சுவரில் செங்கல்லையே வண்ணம் மாற்றி மாற்றி அடுக்கிப் போட்ட கோலம். கூரை முகப்பில் மரச்செதுக்கு. எனக்கு அந்த முகப்பைப் பார்த்ததும் பத்மநாபபுரத்து வாசல் ஞாபகம் வந்தது. வரைந்தவர் ராபர்ட் சிசோம், சென்னை அரசின் கட்டடக் கலைஞர். மெரினா கடற்கரையில் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் அவருடையதுதான், அதே 1870-களில் எழுந்தது. அங்கே அரபு மாதிரியும் பைசாந்தியம் மாதிரியும் கலந்து அடித்த மனுஷன், இங்கே வந்து மலைநாட்டு மழைக்குத் தக்க கூரையைப் போட்டிருக்கிறார். என் கணக்கில் செனட் ஹவுஸைவிட இதுதான் நன்றாக வந்திருக்கிறது. சென்னை நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நேப்பியர் மியூசியம் என்பது முழுப்பெயர். நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னர். கட்டடம் முடிந்தது 1880-இல், அவர் போய் எட்டு வருஷம் கழித்து. ஆனால் மியூசியம் அதற்கும் முந்தியது. திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஜெனரல் கல்லன் முன்கை எடுக்க, வானாய்வு நிலையத்தை நடத்திவந்த ஜான் ஆலன் புரௌன் பொறுப்பேற்க, 1857-இல் பழைய கட்டடம் ஒன்றில் மக்களுக்காகத் திறந்தார்கள். வந்தவர்கள் குறைவு. கல்லும் உலோகமும் பார்க்க யார் வருவார்கள்? அதனால் 1859-இல் பூங்காவும் மிருகங்களும் சேர்த்தார்கள். ஆள் பிடிக்கப் புலியைக் கட்டிப்போட்ட கதைதான். மிருகங்களுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்திலிருந்தே அரண்மனைக் குதிரைலாயத்தோடு காட்டு விலங்குகள் வளர்த்து வந்திருக்கிறார்கள். மியூசியத்துப் பழைய கட்டடத்தை 1874-இல் இடித்துவிட்டு இந்தப் புதியதற்கு அஸ்திவாரம் போட்டார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, அப்பா கேட்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேய், இந்தக் கட்டுக்கு அப்பவும் இந்த நிறம்தானா?"

"பெயின்ட் புதுசா அடிச்சிருப்பாங்க, அப்பா."

"அதில்ல. செங்கல்லு இப்பிடிச் சிவப்பா, இது கறுப்பா... நான் மொத்தமும் ஒரே காவின்னுல்ல நெனச்சேன்."

கையால் இடது கண்ணை மூடிப் பார்த்தார், வலது கண்ணை மூடிப் பார்த்தார். புரை முற்றிய கண்ணுக்கு உலகம் பழுப்புக் கண்ணாடி வழியாகத் தெரிவது மாதிரிதானாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் நமக்கே தெரியாது. எடுத்தபிறகு வெள்ளையும் நீலமும்தான் ரொம்பத் துலங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்த அன்று அம்மாவின் தலையைப் பார்த்து, "இவ்வளவு வெளுத்துப்போச்சா" என்று கேட்டு ஏச்சு வாங்கிக்கொண்டார். ஆனால் 1960-களில் அவருக்குப் புரை எங்கே இருந்தது? இருபது வயசு. அந்தக் கண்ணில் பதிந்த நிறம் நடுவில் எப்போதோ பழுத்திருக்கிறது. அதற்கு ஆபரேஷன் கிடையாது.

பிறகு பேண்டு மேடை. தோட்டத்து நடுவில் தூண்கள் நின்று கூரை தாங்கும் திறந்த மேடை, அந்தக் காலத்தில் பேண்டு வாத்தியம் வாசிக்கக் கட்டியது. அப்பா தேடி வந்த இடம் அதன் பக்கத்துப் பெஞ்சு. சாலைக் கடைகளில் வேலை பார்த்த தக்கலை, குலசேகரம், நாகர்கோவில் பையன்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு மத்தியானம் இங்கே கூடுவார்களாம். ஒருத்தரிடம் டிரான்சிஸ்டர் உண்டு. இலங்கை வானொலி வைப்பார்கள். பேட்டரி தீரும்போது பாட்டு தேயும், பெஞ்சில் தட்டுவார்கள், திரும்பப் பாடும். அந்த ஏழெட்டுப் பேரில் இப்போது இவரோடு சேர்த்து இரண்டு பேர்தான்.

பெஞ்சு அதே இடத்தில்தானா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. "இந்தத் தூங்குமூஞ்சி மரம் அப்பக் கொஞ்சம் சிறிசு" என்று மட்டும் சொன்னார். இருக்கும். மரத்தின் கிளை இப்போது நடைபாதையைத் தாண்டி அடுத்த புல்வெளிவரை போகிறது. கீழே வெயிலே விழவில்லை.

காலை நடைக்காரர்கள் முடித்துப் போகும் நேரம். இந்த ஊருக்கு இது ஒரு பழக்கம். விடியுமுன்னே வந்து மியூசியத்தைச் சுற்றி நடப்பார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகள், டாக்டர்கள், வக்கீல்கள், கல்லூரிப் பிள்ளைகள். நடையைவிடப் பேச்சு அதிகம். ஒரு கூட்டம் எங்களைக் கடந்து போகையில் அரசியல் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த சுற்றில் அதே கூட்டம், அதே வாக்குவாதம், கட்சி மட்டும் மாறியிருந்தது.

அதிலிருந்து ஒருவர் பிரிந்து வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். எழுபத்தைந்து இருக்கும். வெள்ளை முண்டு, ஸ்போர்ட்ஸ் ஷூ. அப்பா அவரிடம் மலையாளத்தில் ஆரம்பித்தார். சாலையில் பழகிய மலையாளம், அறுபது வருஷம் பழையது. அவர் அப்பாவின் சாயலைக் கேட்டுவிட்டுத் தமிழில் பதில் சொன்னார். அந்தத் தமிழ் அவர் அம்மாவிடமிருந்து வந்ததாம், அம்மா சுசீந்திரத்துக்காரி. அப்பா மரியாதைக்காக மலையாளத்தை விடவில்லை. அவரும் மரியாதைக்காகத் தமிழை விடவில்லை. அரைமணி நேரம் இப்படியே ஓடியது. தக்கலைக்காரர் "ஞான் அன்னு சாலையில் ஆயிருந்நு" என்கிறார், திருவனந்தபுரத்துக்காரர் "அப்படியா அண்ணாச்சி, எந்தக் கடையில?" என்கிறார். நடுவில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு பேருமே என்னைக் கவனிக்கவில்லை.

செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அம்மாவின் சொத்து சுசீந்திரத்தில் இருந்ததாம். 1956-க்குப் பிறகு நிலக் காரியத்துக்கெல்லாம் நாகர்கோவிலுக்கும் இங்குமாக அலைந்து அவருடைய அப்பா சலித்துப்போய் விற்றுவிட்டாராம். "கோடு போட்டவங்களுக்கு எங்க வயல் தெரியுமா?" என்றார். அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. தமிழ்நாட்டோடு சேரும் போராட்டம் எங்கள் பக்கம் எப்படி நடந்தது, 1954 ஆகஸ்டில் போலீஸ் சுட்டதில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் செத்தவர்கள் யார் என்பது தக்கலையில் எல்லார் வீட்டுக் கதை. தாத்தா ஊர்வலத்துக்குப் போனவர். அந்தப் பெஞ்சில் அதைப் பேச வேண்டாம் என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "மோரு நல்லா கிட்டுன்ன கடை ஏதாணு இவிடே?" என்று கேட்டார்.

பன்னிரண்டு மணிச் சொட்டை அந்தப் பெஞ்சிலேயே விட்டேன். தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு மரத்தைப் பார்த்தபடி கிடந்தார். சொட்டு விட்டால் ஐந்து நிமிஷம் கண்ணை மூடியிருக்க வேண்டும். பத்து நிமிஷமாகியும் திறக்கவில்லை. தூங்கிவிட்டார்.

வெளிவாசலில் கடலை வண்டி. அப்பா "கப்பலண்டி" கேட்டார். எங்கள் ஊரிலும் அதுதான் பேச்சு. கடலைக்காரர் மலையாளத்தில் விலை சொன்னார். பொட்டலம் மடிக்கும்போது யாரோடோ போனில், "ஏல, நாளைக்கு வாரேன்னு சொல்லு" என்றார். வள்ளியூராம். ஆறு வருஷமாக இந்த வாசலில் நிற்கிறார். கடலைக்குள் வறுத்த மணல் கொஞ்சம் அதிகம்தான். பல்லில்லாதவருக்கு அது பிரச்சினையில்லை என்று அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்.

மூன்றாம் நாள், செவ்வாய்

பத்து மணிக்கு மியூசியம் திறந்ததும் உள்ளே போனோம். வெளியே வெயில் சுட்டது, உள்ளே ஏசி கிடையாது, ஆனால் குளிர்ச்சி. உயரமான கூரை, மேலே சூடான காற்று வெளியேற வழி, சுற்றிலும் காற்று வர இடைவெளி. இந்த ஏற்பாட்டுக்காகவே கட்டடத்துக்குப் பேர் உண்டு. வெளியில் பார்த்த கோலம் உள்ளேயும் விடவில்லை. சுவரெல்லாம் இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம் பட்டை பட்டையாக. மிட்டாய்க்கடைக்குள் நுழைந்தது போல. ஒழுங்கான மியூசியத்தில் சுவர் பேசாமல் இருக்கும், பொருள் பேசும். இங்கே சுவரும் சேர்ந்து பேசுகிறது. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

வெண்கலச் சிலைகள், தந்த வேலைப்பாடு, கோவில் தேர், மரச்சிற்பம். அப்பா சிலைகளைக் கும்பிட்டுக்கொண்டே போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் விஷ்ணுவைக் கும்பிடலாமா என்று ஒரு சின்னப் பெண் அம்மாவிடம் கேட்டாள். அம்மா பதில் சொல்லும்முன் அப்பா அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடியும் கும்பிட்டார். தந்த வேலையை மட்டும் நான் வேகமாகத் தாண்டினேன். எத்தனை யானை என்று எண்ணத் தோன்றுகிறது.

அடுத்து ரவிவர்மா. ஸ்ரீசித்ரா ஓவியக்கூடம் 1935-இல் தொடங்கியது. இப்போது ரவிவர்மா படங்களுக்கு வளாகத்திலேயே தனிக் கட்டடம். 1848-இல் கிளிமானூரில் பிறந்தவர், இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான் அந்த ஊர். அன்னத்தோடு பேசும் தமயந்தி முன்னால் அப்பா நின்றுவிட்டார். "இது நம்ம கடையில இருந்தது." எனக்கு ஒரு நொடி புரியவில்லை. சாலைக் கடையில், கல்லாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட அச்சுப்படம். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதிலிருந்து அவர் பெண்கள் எல்லார் வீட்டுச் சுவருக்கும் இறங்கி வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் லட்சுமியும் சரஸ்வதியும் அப்படி வந்தவர்கள்தான்.

"அதுல சேல காவிதான்," என்றார் அப்பா. பிறகு படத்துக்குப் பக்கத்தில் போய், முடிந்தவரை பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சேலைக் கரையை மேலிருந்து கீழே பார்த்தார். காவலர் ஒரு அடி பின்னால் போகச் சொன்னார். ஒரு அடி பின்னால் வந்து மறுபடி ஆரம்பத்திலிருந்து பார்த்தார். நான் மற்ற அறைகளை முடித்துவிட்டு வந்தபோதும் அங்கேயே நின்றிருந்தார். சகுந்தலை, முள் எடுக்கிற சாக்கில் திரும்பிப் பார்க்கிறாளே, அவளுக்கு அரை நிமிஷம்தான் கொடுத்தார். "இவளுக்கு முள்ளே குத்தல" என்பது அவர் தீர்ப்பு.

மத்தியானம் ஊண். சம்பா அரிசி, பருப்பு, புளிசேரி, அவியல். விவரிக்க ஒன்றுமில்லை, பசி.

மிருகசாலைக்கு நாலு மணிக்குமேல் போக வேண்டாம் என்று இரண்டு மணிக்கே டிக்கெட் எடுத்தோம். அப்பாவை நடக்கவிடாமல் பேட்டரி வண்டியில் ஏற்றினேன். அப்பா நினைவில் இருந்ததெல்லாம் கம்பிக் கூண்டுகள், உள்ளே புலி இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடப்பது, நாற்றம். இப்போது பல இடங்களில் அகழி, மரம், திறந்த வெளி. நீர்யானை தண்ணீருக்குள் முழுக முழுகக் காத்திருந்து, இரண்டு மூக்குத்துவாரம் மட்டும் பார்த்துவிட்டு வந்தோம். சிங்கவால் குரங்கு மட்டும் வண்டிப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தது. நம்ம மேற்கு மலைக்காட்டுக்காரர், அடையாளம் கண்டுகொண்டாரோ என்னவோ.

பேட்டரி வண்டி ஓட்டியவருக்கு மிருகங்களைவிட ஒரு கதையில்தான் ஆர்வம். 2023 ஜூனில் திருப்பதி மிருகக்காட்சி சாலையிலிருந்து வந்த அனுமன் குரங்கு ஒன்று, பழகட்டும் என்று கூண்டைத் திறந்ததும் மரமேறி ஓடிப்போனது. அது பெண் குரங்கு. ஊர் முழுக்கப் பேச்சு. கூண்டில் துணைக் குரங்கைக் காட்டிக் கூப்பிட்டார்கள், பழம் காட்டினார்கள். எங்கேயோ ஒரு மரத்தின் உச்சியில் இருக்கும், மறுநாள் வேறு மரம். மூன்று வாரத்துக்குமேல் ஆட்டம் காட்டியபிறகு, நகரத்தில் ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுக்கும் இடத்துக் கழிப்பறைக்குள் மாட்டிக்கொண்டது. அப்பாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது.

"தெலுங்குக் குரங்கு, மலையாளத்து மரம், கடைசில ஜெர்மன் படிக்கப் போயிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார். பிறகு ஓட்டுநரிடம் மலையாளத்தில் திருப்பிச் சொன்னார். அவரும் சிரித்தார். இனி இந்த வரி அடுத்த வண்டிக்குப் போகும்.

வெளியே வந்ததும் நேராகப் பெஞ்சுக்குப் போனார். நேற்றைய நண்பர் காலையில்தான் வருவார் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். உட்கார்ந்தோம். பேண்டு மேடையில் நாலைந்து பையன்கள் போனை ஒரு தூணில் சாய்த்து வைத்து நடனம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தப்பு வந்ததும் நிறுத்தி, பாட்டை முதலிலிருந்து வைத்து, திரும்ப ஆடுவார்கள். பத்துத் தடவையாவது ஆகியிருக்கும். பதினோராவது தடவை சரியாக வந்தபோது அப்பா கைதட்டினார். அவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்பாவையும் போனில் பிடித்துக்கொண்டார்கள். எந்தத் தளத்தில் போட்டார்களோ, எங்கள் குடும்பத்தில் யார் கண்ணிலும் இன்னும் படவில்லை.

நான்காம் நாள், புதன்

காலையில் மறுபடி ஒரு நடை பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. எட்டு மணிச் சொட்டை அறையிலேயே விட்டிருந்தோம், பன்னிரண்டு மணிக்கு வீட்டில் இருப்போம் என்பது என் கணக்கு. கரமனையிலேயே நெரிசல். நேமத்தில் ஏதோ ஊர்வலம். பன்னிரண்டு அடித்தபோது நாங்கள் பாலராமபுரத்தையே தாண்டவில்லை. அம்மா போன் பண்ணினாள். சொட்டு விட்டாச்சா என்றுதான் முதல் கேள்வி. விட்டாச்சு என்று அப்பா பொய் சொல்லிவிட்டு, என்னிடம் கையை நீட்டினார்.

அப்பாவின் தலையை சீட்டில் சாய்த்து, கீழ் இமையை இழுத்துப் பிடித்து, குப்பியைக் கவிழ்த்தேன். டிரைவர் அதே நேரம் பிரேக் போட்டார். முதல் சொட்டு அவர் மூக்கில். இரண்டாவது என் சட்டையில்.

"பைய மக்கா," என்றார், கண்ணைத் திறந்தபடியே, வெளியே நீலக் கரை போட்டுத் தொங்கிய கைத்தறி முண்டுகளைப் பார்த்துக்கொண்டு. "வண்டி நிக்கட்டும்."